கைவேலையா, கலையா?

தியாகதுருகத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் மகள் பிளஸ் டூ முடிச்சிட்டா. கோலம், தையல், சித்திரம் எல்லாம் கைக்கு நல்லா வரும். ஓவியக் கல்லூரியிலதான் சேருவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. அவங்க அப்பாவோ, 'கைவேலையெல்லாம் ஒரு படிப்பா? சோறு போடுமா?'ன்னு கேட்கிறார். நான் யார் பக்கம் பேசுறது?"

தகப்பனாரின் கவலை நியாயமானதே. பெண்ணின் ஆசையும் அப்படித்தான். ஆனால் கைவேலை ஒரு மாற்றுக் குறைவு, கலை என்றால் உசத்தி என்று நினைப்பது சரிதானா?

உங்கள் ஊர்ப்பக்கத்தையே பாருங்களேன். மலைக்கோட்டையைத் தாண்டிச் சேலம் சாலையில் போனால் கள்ளக்குறிச்சி வந்துவிடும். அங்கே தலைமுறை தலைமுறையாக மரத்தில் தெய்வ உருவங்களும் கதவு வேலைப்பாடுகளும் செதுக்குகிறார்கள். 2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த பொம்மையை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று அர்த்தம். கைவேலைக்குச் சட்டமே மரியாதை செய்திருக்கிறது!

இன்னொரு விஷயமும் உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவரும் அவருடைய மாணவர்களும் நல்ல ஓவியர்கள்தாம். ஆனால் படம் வரைந்து மட்டும் பிழைக்க முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஜாவாத் தீவில் பேர்போன பாத்திக் வேலையைக் கையில் எடுத்தார்கள். பாத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஏற்படுத்தினார்கள். கைவேலைதான் கலைக்குச் சோறு போட்டது!

கைவேலை அவர்கள் கலைக்குள்ளேயும் புகுந்தது. அவர்களில் ஒருவரான பி.வி. ஜானகிராம், கோயில் விக்கிரகங்களுக்குத் தகட்டில் கவசம் அடிக்கும் முறையைச் சிற்பத்துக்குக் கொண்டுவந்தார். செப்புத் தகட்டில் கணபதியும் பிறந்தார், ஏசுநாதரும் பிறந்தார். நம் ஊர்க் கம்மாளர் வேலை நவீனச் சிற்பமாகி விட்டது.

ஆகவே, சகோதரி, மகள் பக்கம் பேசுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பேசாதீர்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. 4 வருஷப் படிப்பு. சென்னையில் ஓவியம், சிற்பம் மட்டுமல்ல, துணி வடிவமைப்பும் பீங்கான் வேலையும்கூடப் பாடங்கள். முடித்தவுடன் மாதச் சம்பளம் நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால், கலையோடு கையில் ஒரு தொழிலும் இருக்கட்டும் என்று மகளிடம் சொல்லி வையுங்கள். பணிக்கர் கூட்டம் செய்தது அதைத்தானே!

விடுமுறையில் ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் வாசல் கோலத்தைப் பென்சிலால் போடச் சொல்லுங்கள். மெழுகை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பிடித்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். சூடு ஆறுமுன் பிரஷ்ஷால் கோலத்தின்மேல் இழுக்க வேண்டும். காய்ந்ததும், பருத்திக்கென்று விற்கும் குளிர்நீர்ச் சாயத்தில் முக்குங்கள். சாயம் சூடாக இருந்தால் மெழுகு இளகிவிடும். சாயம் நன்றாகப் பிடித்து உலர்ந்த பிறகு, கொதிநீரில் அலசினால் மெழுகு கழன்று வெள்ளைக் கோலம் எழும்பும். மெழுகு விரிந்த இடத்தில் நரம்பு நரம்பாகச் சாயம் ஓடியிருக்கும். அது பழுதல்ல, அதுதான் பாத்திக்கின் அழகு.

ஜாவாக்காரர் வித்தை, நம் வாசல் கோலம். அந்தத் துணியை அப்பா கையில் மகளே கொடுக்கட்டும். கூடவே, நூலுக்கும் சாயத்துக்கும் ஆன செலவு, செய்ய எடுத்த நேரம், என்ன விலைக்கு விற்கலாம் என்று ஒரு கணக்கும் எழுதிக் கொடுக்கட்டும். அவர் கேட்டது சோற்றைப் பற்றித்தானே? பதிலையும் கணக்காகவே சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்.