மறைக்க முடியாத வெப்பம்

“கண்ணுக்குப் புலப்படாத போர் விமானம்” என்ற பேச்சு உலகெங்கும் அடிபடுகின்றது. வல்லரசுகள் அதனை ஆக்குகின்றன. ஏனைய அரசுகள் அதனை வாங்க வரிசையில் நிற்கின்றன. விலையைக் கொடுக்கும் மக்களோ வாய்பிளந்து வியக்கின்றனர். வியப்பு மிகுந்த இடத்தில் கேள்வி எழுவதில்லை. ஆதலால் இந்த மறைவு எத்தன்மையது, அதற்குக் கொடுக்கப்படும் விலை யாது என்பதை விமானத்தின் ஓர் உறுப்பைக் கொண்டே ஆராய முற்படுகின்றோம். எஞ்சினின் பின்புறத்தே தீவாயு வெளியேறும் குழல்வாயே அவ்வுறுப்பு.

ஜெற் எஞ்சின் முன்புறத்தால் காற்றை இழுத்து, நெருக்கி, எரிபொருளோடு சேர்த்து எரித்து, பின்புறத்தால் வீசுகின்றது. அவ்வீச்சின் எதிர்விசையே விமானத்தை முன்னே தள்ளுகின்றது. நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் ஒடுக்கினால் நீர் விசையோடு பீறிடுவதை நம் கமக்காரர் நன்கறிவர். குழல்வாயின் முதற் கடமையும் அதுவே. இன்னும் விசை வேண்டுமாயின், வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துவர். பின்னெரிப்பு எனப்படும் இம்முறையில் வாயுவின் வெப்பம் 1,500 பாகை சதமளவைக்கு மேற் செல்லும். அப்போது குழல்வாய் அகல விரிதல் வேண்டும். எனவே இதழ் இதழாக விரிந்து சுருங்கும் வட்டவாயே பெரும்பாலான போர் விமானங்களில் அமைந்துள்ளது. வட்டக்குழாய் உள்ளமுக்கத்தை எப்பக்கமும் சமமாகத் தாங்கும். தட்டையான சுவர் வெளியே பிதுங்கப் பார்க்கும், அதனைத் தடுக்க உலோகம் கூட வேண்டும், எடையும் கூடும்.

இவ்வட்டவாய் விமானத்துக்கு எதிராக இரு சாட்சியங்களைப் பகைவர் முன் வைக்கின்றது. ஒன்று வெப்பம். எஞ்சினுள்ளே பழுக்கக் காய்ந்த உலோகமும், வெளியே நீளும் தீவாயுவும், கண்ணாற் காணவியலாத செங்கீழ்க் கதிர்களை வீசுகின்றன. மற்றையது ராடர். குழல்வாயின் குழிவும் இதழ்களின் விளிம்புகளும் ராடர் அலையைத் திருப்பி அனுப்புகின்றன.

வெப்பத்தைத் தேடும் ஏவுகணை வான்போரில் முதன்முதல் ஏவப்பட்டது 1958 செப்டெம்பர் 24ஆம் நாள், தாய்வான் நீரிணை வானில். அக்கால ஏவுகணைக்கு விமானத்தின் பின்புறம் மட்டுமே தெரிந்தது. 1982ஆம் ஆண்டு போக்லாந்துப் போரில் பிரித்தானியர் பயன்படுத்திய ஏவுகணையோ எத்திசையிலிருந்தும் வெப்பத்தைக் காணவல்லதாயிருந்தது. இவை நமக்கு நூலறிவு மட்டுமல்ல. 1995 ஏப்ரல் 28, 29ஆம் நாட்களில் பலாலிக்கு அண்மையில் இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டதை வடபுல மக்கள் மறந்திலர்.

இச்சாட்சியங்களை மறைக்க அமெரிக்கப் பொறியியலாளர் முதலில் கண்ட வழி, வட்டத்தைத் தட்டையாக்குதல். 1981ஆம் ஆண்டு முதன்முதற் பறந்து, 1988ஆம் ஆண்டுவரை உலகறியாது வைக்கப்பட்டிருந்த எப்-117 விமானத்தின் குழல்வாய் வட்டமன்று. சில அங்குல உயரமே கொண்ட அகன்ற பிளவு. பானையிற் கிடக்கும் கஞ்சி ஆற நேரம் செல்லும். தட்டத்தில் ஊற்றினால் விரைவில் ஆறும். அதேபோல், தட்டையாகப் பரந்த வாயு குளிர்காற்றோடு விரைவிற் கலந்து ஆறியது. கீழுதடு நீண்டிருந்தமையால் தரையிலிருந்து பார்ப்போருக்கு உள்வெப்பம் தெரியவில்லை. ஆனால், இதற்குக் கொடுத்த விலை என்ன? எஞ்சினின் விசையிற் பகுதி வீணாயிற்று. பின்னெரிப்பு அறவே இல்லை. ஒலியின் வேகத்தைத் தாண்ட அவ்விமானத்தால் இயலவில்லை.

அடுத்து வந்த எப்-22 மறைவையும் வேகத்தையும் ஒருங்கே பெற முயன்றது. அதன் நீள்சதுரக் குழல்வாய் மேலும் கீழும் 20 பாகை சாயும். அதனால் விமானம் விரைந்து திரும்பும். எடையும் செலவும் பெருகின. 750 விமானங்கள் வேண்டும் என்று திட்டமிட்ட அமெரிக்க வான்படை 187 விமானங்களோடு அமைய நேர்ந்தது. கடைசி விமானம் 2012ஆம் ஆண்டு கையளிக்கப்பட்டது. இத்தொகைக் குறைவுக்குக் குழல்வாய் ஒன்றே காரணம் என்று நாம் கூறோம். ஒவ்வோர் உறுப்பிலும் மறைவைத் தேடியதன் மொத்த விலை அது.

அதன்பின் வந்த எப்-35 மீண்டும் வட்டவாய்க்கே திரும்பியது. இதழ்களின் விளிம்பை அரிவாட் பற்போல வெட்டி, ராடர் அலை சில திசைகளில் மட்டும் சிதறுமாறு செய்தனர். தட்டை வாயின் மறைவு முழுவதும் இதற்கில்லை. ஆயினும் எடை குறைவு, செலவு குறைவு. மறைவு என்பது முழுமையான பொருளன்று, பேரம் பேசிப் பெறும் பொருள் என்பதை அதனை ஆக்கியவர்களே ஒப்புக்கொண்ட இடம் இதுவாகும்.

இயற்கையின் சட்டத்தைத் திருத்த எந்தப் பாராளுமன்றத்துக்கும் அதிகாரமில்லை. எரித்த எரிபொருளின் வெப்பத்தைப் பரப்பலாம், ஆற்றலாம், ஒரு பக்கத்துக்கு மறைக்கலாம், அழிக்க முடியாது. ஒலியின் இருமடங்கு வேகத்தில் உயரப் பறந்தால், காற்று மோதும் முன்விளிம்புகளே 100 பாகைக்கு மேற் சூடேறும். எந்தக் குழல்வாயும் அதனை மறைக்காது. ஒரு சாட்சியின் வாயை அடைத்தால் மற்றொரு சாட்சி பேசும். 1999 மார்ச் 27ஆம் நாள் சேர்பிய வானில் எப்-117 ஒன்று வீழ்த்தப்பட்டது. வீழ்த்தியது வெப்பம் தேடும் ஏவுகணையன்று. 1960களில் வழக்கிற்கு வந்த ராடர் வழி ஏவுகணை.

விமானியின் உயிரைக் காக்கும் முயற்சியை நாம் இகழவில்லை. ஒரு கணத் தாமதம்கூட ஓர் உயிரைக் காக்கலாம். நாம் மறுப்பது, “இது மறைவு இயந்திரம், ஆகவே எதையும் கேளாதீர்” என்னும் வாதத்தையே. குழல்வாயின் வடிவம் இரகசியமாயிருக்கலாம். அதற்கான செலவு இரகசியமாயிருத்தற்கு நியாயம் யாது? எப்-35 விமானங்களைப் பேணும் செலவு 2018இல் 1.1 இலட்சம் கோடி டொலராக மதிப்பிடப்பட்டிருந்து 2023இல் 1.58 இலட்சம் கோடியாக உயர்ந்தது என்பதையும், அவற்றைப் பறக்கவிடத் திட்டமிட்ட நேரமோ குறைந்தது என்பதையும், 2024ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகமே வெளியிட்டது. அதனால் அந்நாட்டின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை.

நம் நாட்டில் நடந்ததென்ன? 2006ஆம் ஆண்டு உக்ரேனிலிருந்து மிக்-27 விமானங்கள் வாங்கப்பட்டபோது, பணம் யார் கைக்குப் போயிற்று என்ற கேள்வியைப் பத்திரிகைகளே எழுப்பின. பொலிஸ் விசாரணை பின்னரே வந்தது. அவ்விமானங்களில் மறைவுக் குழல்வாய் எதுவும் இருக்கவில்லை. மறைந்திருந்தது கணக்கு மட்டுமே.

ஆயுதம் வாங்கும் எந்த அரசும், அது தேவை என்பதையும், விலை நியாயமானது என்பதையும் எண்பிக்கும் பொறுப்பைத் தானே சுமத்தல் வேண்டும். வரி கொடுப்பவன் வெங்காயம் விற்ற காசிலிருந்தும் கொடுக்கிறான். மாதச் சம்பளத்திலிருந்தும் கொடுக்கிறான். விமானம் பகைவன் கண்ணுக்கு மறையட்டும். அதன் கணக்கு மக்கள் கண்ணுக்கு மறைதலாகாது.