ஸ்கேன் டிஸ்க்கில் திறக்காத பைல்களை விட்டுவிடாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இந்த பைல் எதிலும் திறக்கவில்லை, அழித்துவிடலாமா?" என்பதுதான். முன்பெல்லாம் யோசிக்காமல் "சரி" என்பேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

என் அக்கா மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பிறவியிலேயே இதயத்தில் குறைபாடு. ஊரில் எக்கோவும் சி.டி. ஸ்கேனும் எடுத்து ஒரு சிடி கொடுத்தார்கள். (ஸ்கேன் சி.டி. வேறு, இந்த சிடி வேறு. குழப்பம் வேண்டாம், இனி டிஸ்க் என்றே சொல்கிறேன்.) மாமாவின் புது லேப்டாப்பில் டிஸ்க் டிரைவ் இல்லை. பென் டிரைவுக்கு மாற்ற ப்ரவுசிங் சென்டர் போனவர் அங்கிருந்து போன் செய்தார். "ரிப்போர்ட்டும் ஆறு படமும் திறக்குது. மத்ததெல்லாம் வெறும் நம்பரா இருக்கு. வேணுமாடா?" நான் மீட்டிங்கில் இருந்தேன். "திறக்கிறதை மட்டும் எடுத்துக்குங்க மாமா" என்றேன். டிஸ்க் எங்கோ தொலைந்தது.

சென்னையில் அறுவை சிகிச்சை நிபுணர் ஆறு படங்களையும் பார்த்துவிட்டு, "மீதி எங்கே?" என்றார்.

குழந்தைக்கு இருந்தது 'டபுள் அவுட்லெட் ரைட் வென்ட்ரிக்கிள்'. உடலுக்கு ரத்தம் கொண்டு செல்லும் மகாதமனி இடது கீழறையிலிருந்து கிளம்ப வேண்டும். இவளுக்கு அதுவும், நுரையீரல் தமனியும், வலது கீழறையிலிருந்தே கிளம்பின. இரு கீழறைகளுக்கும் நடுவே ஒரு ஓட்டை. அது மகாதமனிக்குக் கீழே இருக்கிறதா, நுரையீரல் தமனிக்கு அருகிலா, இரண்டுக்கும் தொலைவிலா என்பதைப் பொறுத்து ஆபரேஷனே மாறும். முதலில் பார்ப்பது எக்கோதான். வால்வுகள் அதில் நன்றாகத் தெரியும். ஆனால் சிக்கலான குறைபாட்டில், எது எதற்குப் பின்னால், எவ்வளவு தூரத்தில் என்று முப்பரிமாணத்தில் பார்க்க சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. பெரிதும் உதவும்.

அந்த 'வெறும் நம்பர்'கள்தான் ஸ்கேன். அவை டைகாம் பைல்கள். 1993 முதல் இப்பெயரில் வழங்கும் பொதுத் தரம். ஒவ்வொன்றும் பொதுவாக 512க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்.பி. இப்படி 400 சீவல்கள் என்றால் 200 எம்.பி. ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர், சீவலின் தடிமன் எவ்வளவு என்பதும் உள்ளேயே இருக்கும். இவற்றை அடுக்கி, 3டி ஸ்லைசர் போன்ற இலவச சாப்ட்வேரில் கூட, இதயத்தை எந்தக் கோணத்திலும் வெட்டிப் பார்க்கலாம். சில மருத்துவமனைகள் இதைக் கொண்டே இதய மாதிரியை 3டி பிரிண்டரில் எடுத்து ஆபரேஷனைத் திட்டமிடுகின்றன. சாதாரண ஜேபெக் படத்தில் 256 சாம்பல் நிறங்கள்தான். ஸ்கேனில் வழக்கமாக 4,096. பிலிமைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எவ்வளவு போகும் என்று பாருங்கள்.

பழைய ஸ்கேன் தங்களிடம் இல்லை என்றது ஊர் மருத்துவமனை. மறுபடி ஊசி, மறுபடி டை மருந்து, மறுபடி கதிர்வீச்சு. ஐந்து மாதக் குழந்தைக்கு. தவறு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனாலும் டிஸ்க் கொடுப்பவர்கள், "இதிலுள்ள எல்லா பைலும் வேண்டும்" என்று தமிழில் ஒரு வரி அச்சடித்து ஒட்டக் கூடாதா? ரிப்போர்ட் போதாதா என்பார் சிலர். மேலறைச் சுவரில் சின்ன ஓட்டை என்றால் பெரும்பாலும் எக்கோவும் ரிப்போர்ட்டுமே போதும். இதுபோன்ற இதயத்துக்குப் போதாது.

இரண்டாவது ஸ்கேனில் ஓட்டை மகாதமனிக்குக் கீழே இருப்பது தெளிவானது. ஆபரேஷன் முடிந்து இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள்.

உங்களிடம் ஸ்கேன் டிஸ்க் இருந்தால் போல்டர்களோடு அப்படியே காப்பி செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். பைல்களுக்குள் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும் என்பதால், முன்பின் தெரியாத தளங்களில் ஏற்ற வேண்டாம். காப்பி முடிந்ததும் போல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். டிஸ்க்கில் 200 எம்.பி. இருந்து, பென் டிரைவில் 3 எம்.பி. காட்டினால், டிஸ்க்கை மறுபடி போடுங்கள்.