பதாகை பிடிக்க மட்டும் வயது வந்துவிட்டதா?

"படிக்கிற பிள்ளைகளை எதற்குக் காலநிலை மாற்றம் அது இது என்று இழுக்கிறீர்கள்?" பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பிள்ளை படிக்கட்டும், உலகத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். இந்த வாதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் ஒரே ஒரு துண்டுதான் நிற்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

படிப்பு கெட்டுப்போகுமாம். படிப்பை ஏற்கெனவே யார் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்? 2023 ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய தமிழ்நாட்டுப் பள்ளிகள் வெயில் தாங்காமல் முதலில் 7-ஆம் தேதிக்கும், பிறகு 12-க்கும், சின்ன வகுப்புகளுக்கு 14-க்கும் தள்ளிப்போயின. அடுத்த ஆண்டு ஜூன் 6 என்றது 10 ஆயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னைப் பக்கம் அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. பள்ளிக்கூடத்தின் நாட்காட்டியே வானத்தைப் பார்த்து எழுதப்படும்போது, வானத்தைப் பற்றிப் பேசுவது மட்டும் எப்படிக் கவனச் சிதறல் ஆகும்?

பாடத்துக்கு வெளியே உள்ள விஷயமும் அல்ல. எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது 1991-லேயே. பாடமாக்கினோம், மனப்பாடமும் ஆக்கினோம். பசுமை இல்ல வாயுக்களை வரிசையாக ஒப்பிக்கும் மாணவிக்குத் தன் பள்ளி மாடியில் விழும் மழை எங்கே போகிறது என்று தெரியாது. 200 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 2,000 லிட்டர் தண்ணீர். எட்டாம் வகுப்புக் கணக்குதான். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். ஆகவே மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் அது தொட்டியில் முடியலாம், சாக்கடையில் முடியலாம், இரண்டு வருடம் முன்பு உடைந்த இடத்தில் சுவரை நனைத்தபடியும் முடியலாம். எங்கே முடிகிறது என்று ஒரு படம் வரைந்து, வீணாகும் லிட்டரைக் கணக்கிட்டு, தலைமையாசிரியருக்கு ஒரு மனு எழுதினால் அறிவியல், கணக்கு, தமிழ் மூன்றும் அதில் அடங்கிவிடும். இதில் கெட்ட படிப்பு எது?

அடுத்து, பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன், பயம் உண்மையிலேயே இருக்கிறது. லான்செட் குழும இதழ் ஒன்றில் 2021-ல் வந்த ஆய்வில், இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் காலநிலை மாற்றம் பற்றிக் கேட்டார்கள். 59 சதவீதம் பேர் மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கவலை தனியாக வரவில்லை. அரசுகள் போதுமானதைச் செய்யவில்லை, நம்மைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணத்தோடு கைகோத்தே வந்தது. தாமிரபரணி வெள்ளத்தில் புத்தகப் பையைப் பறிகொடுத்த பிள்ளைக்குப் பாடப்புத்தகம் புதிதாக என்ன பயத்தைக் கொடுத்துவிடப் போகிறது? பேசாமல் மூடி வைத்தால் பயம் போகாது, பேச ஆள் இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளைகளால் என்ன ஆகும் என்பது மூன்றாவது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் காலநிலைப் பாடம் நடத்தி, வீட்டில் பெற்றோரிடம் பேச வைத்தார்கள். பெற்றோரின் அக்கறை கூடியது. 2019-ல் வெளியான இந்த ஆய்வில், அதிகம் மாறியவர்களில் அப்பாக்களும் பழைமைவாதிகளும் இருந்தார்கள். மகன்களைவிட மகள்கள் சொன்னது கூடுதலாக எடுபட்டதாம். (நம் வீடுகளில் இதற்கு ஆய்வு தேவையில்லை.) சென்னையில் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல், முட்டையிடும் பருவத்தில் இரவு நேரத்தில் நீலாங்கரை, பெசன்ட் நகர் கரையில் நடக்கிறது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண் குஞ்சுகளே அதிகம் என்பதை ஈர மணலில் கால் வைத்து நின்று கேட்பது ஒரு தனிப் படிப்பு.

சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசிய திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரை இங்கே எல்லோரும் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் ஒரு வினிஷாவைக் காட்டி, மற்ற பிள்ளைகளிடம் "நீ என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்பது எனக்கு உவப்பில்லை. குழாய் எங்கே போகிறது என்று பார்க்க மேதை வேண்டியதில்லை.

"அதான் வருஷா வருஷம் மரம் நடுகிறோமே" என்பவர்களுக்கு: உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 கேரளத்துக்குப் பொருந்தும் நாள். அங்கே அப்போது பருவமழை. நம் கீழைக் கரையில் அது கொளுத்தும் வெயில். நமக்கு மழை அக்டோபரில். 2023, 2024 இரண்டிலும் அந்த நாளில் பள்ளியே திறக்கவில்லை. நட்டு வைத்த கன்றுக்கு அடுத்த மே விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று எந்தப் படத்திலும் தெரிவதில்லை.

புகை விடுவது பணக்கார நாடுகள், நம் பிள்ளைகள் ஏன் சுமக்க வேண்டும் என்பது நியாயமான கோபம். இந்தியரின் தலைக்குரிய கரியமில வாயு ஆண்டுக்குச் சுமார் 2 டன், அமெரிக்கருடையது அதைப்போல் ஏழு மடங்கு. ஆனால் வெள்ளம் வரும்போது எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்து வைத்திருப்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

நிற்கும் துண்டு இதுதான்: ஆசிரியருக்கு நேரமில்லை. உண்மை. கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றியே பாதிப் பொழுது போகிறவரிடம் இன்னொரு இயக்கம், இன்னொரு ஊர்வலம், இன்னொரு அறிக்கை என்றால் அவர் வெயிலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பதாகை கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். குற்றம் அவருடையதல்ல. எனவே கூட்டாதீர்கள், குறையுங்கள். ஊர்வலப் படமும் மரம் நடும் படமும் வேண்டாம் என்று கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விடட்டும். பதிலுக்கு ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு கொடுக்கட்டும். வானிலைத் துறை மழையைக் கணக்கெடுக்கும் காலை 8.30 மணிக்கே இரண்டு பிள்ளைகள் முறை வைத்துக் குறிக்கட்டும். ஆசிரியர் வாரம் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.