மறுபடி அப்ளை பண்ணு எண்டு சொல்லுற ஆக்களுக்கு

கொஞ்ச நாளாய் மனதுக்குள் கிடந்து அரிக்கிற விசயம் இது. எழுதித் தொலைத்தால்தான் நித்திரை வரும் போலக் கிடக்கு. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஜுபைல் பழைய டவுனில் நான் வேலை செய்கிற சாப்பாட்டுக்கடைக்கு வெள்ளிக்கிழமைகளில் குடும்பங்கள் வரும். பங்குனி, சித்திரை மாதங்களில் அந்த மேசைகளில் ஒரு கதை கட்டாயம் அடிபடும். ‘பிள்ளைக்கு டென்டல் கிடைக்கேல்லை.’ உடனே அடுத்த மேசையிலிருந்து மறுமொழி வரும். ‘அதுக்கென்ன, அடுத்த வருசம் மறுபடி அப்ளை பண்ணுங்கோ.’ சொன்னவர் புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்துக்கொண்டே சொல்லுவார். கேட்டவருக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த முறை கேட்டவர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே ஒரு பிளாண்டில் பைப் ஃபிட்டர் ஃபோர்மன். மகள் பிறந்ததே ஜுபைலில்தான். படித்தது இந்தியப் பாடத்திட்டம், கையில் இருப்பது இலங்கைப் பாஸ்போட். போன வருசம் இங்கிலாந்தில் நாலு பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போட்டாள், நாலும் இல்லை. இந்த வருசமும் நாலு, நாலும் இல்லை. ஏஜென்ற் இரண்டு தரமும் சேர்விஸ் சார்ஜ் எடுத்துவிட்டான். இப்போது மூன்றாம் தரமும் போடலாம், ‘புரொஃபைலை ஸ்ட்ரோங் ஆக்கலாம்’ என்கிறானாம். தண்ணிப் போத்தல் வைக்கப் போன நான், ‘அண்ணை, இன்னொருக்கா காசைக் கொட்டாதேங்கோ’ என்றேன். பக்கத்தில் இருந்த சங்கத்துப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘தம்பி, இதுதான் அகதிப் புத்தி. ஒருக்கா இல்லையெண்டால் அப்பிடியே படுத்திடுறது’ என்றார்.

சரி ஐயா. அகதிப் புத்தியோடேயே கணக்குப் பார்ப்போம்.

முதலில் இந்த ‘மறுபடி அப்ளை பண்ணு’ எங்கேயிருந்து வருகிறது? பெரும்பாலும் லண்டன் ரெலிபோனிலிருந்து. ஹரோவில் இருக்கிற மச்சாளின் மகனுக்கு முதல் வருசம் கிடைக்கவில்லை, ஒரு வருசம் நின்றான், இரண்டாம் வருசம் கிடைத்தது, இன்றைக்குப் பல் டொக்டர். சந்தோசமான விசயம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் அங்கே உள்நாட்டு மாணவன். 2025-26 கல்வியாண்டில் அவனைப் போன்றவனுக்குக் கட்டணம் வருசத்துக்கு 9,535 பவுண்ஸ். அதற்கும் கடன் கொடுக்க ஆள் இருக்கு, உழைக்கத் தொடங்கின பிறகு கட்டினால் போதும். அந்த நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிற இடங்களில் பெரும்பங்கும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே வைத்திருப்பது. காத்திருக்கிற வருசத்தில் ஒரு கடையில் நின்று உழைக்கவும் அவனுக்கு உரிமை இருக்கு. அவனிடம் ‘மறுபடி போடு’ என்று சொன்னால் அது புத்திமதி.

எங்கடை பிள்ளை ‘இன்ரநெஷனல் ஸ்ருடன்ட்’. பேரைக் கேட்டால் ஏதோ பட்டம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது ஒரு விலை, அவ்வளவுதான். வெளிநாட்டாருக்கென்று விட்ட சொற்ப இடங்களுக்கு உலகம் முழுக்க இருந்து பிள்ளைகள் போட்டி. கட்டணம் பல கல்லூரிகளில் வருசம் 40,000 பவுண்சுக்கு மேல். ஐந்து வருசத்துக்கு இரண்டு லட்சம் பவுண்ஸ், எங்கள் கணக்கில் ஏறக்குறையப் பத்து லட்சம் ரியால். மாதம் 2,000 ரியால் எடுக்கிற ஒருவன் ஒரு சதமும் செலவழிக்காமல் 500 மாதம் உழைக்கவேணும். 41 வருசமும் எட்டு மாதமும்! ஃபோர்மன் அண்ணைக்கு என்னைவிட நல்ல சம்பளம், அவருக்கு அதில் பாதி என்று வையுங்கோ. அதுவும் இருபது வருசம். வாடகை, சாப்பாடு, விசா எல்லாம் தனி.

மறுபடி அப்ளை பண்ணுவது என்றால் பழைய ஃபோமைத் தூசி தட்டி அனுப்புகிற வேலை என்று கனபேர் நினைக்கிறார்கள். இல்லை. யூகேட் சோதனையின் புள்ளி அந்த வருச விண்ணப்பத்துக்கு மட்டும்தான், அடுத்த வருசம் திரும்பக் காசு கட்டித் திரும்ப எழுதவேணும். ஆங்கிலச் சோதனைச் சான்றிதழ் இரண்டு வருசத்தோடு சரி. பல் மருத்துவத்துக்கு எத்தனை கல்லூரி இருந்தாலும் நாலுக்கு மேல் போடமுடியாது. அதையும் ஒக்ரோபர் 15க்கு முதல் போட்டு முடிக்கவேணும். மறுப்பு வந்தால் என்ன குறை என்று அதில் பெரும்பாலும் இருக்காது. எதைத் திருத்துவது என்று தெரியாமலே திருத்தச் சொல்லுகிறான் ஏஜென்ற்.

இங்கே சும்மா இருக்கிற வருசத்துக்கும் விலை உண்டு. 2017 ஜூலையில் சவூதி அரசாங்கம் குடும்பத்தில் தங்கியிருக்கிற ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி போட்டது. வருசா வருசம் ஏற்றி 2020இல் 400 ஆக்கியது. ஒரு பிள்ளை ஒரு வருசம் வீட்டில் நின்றால் 4,800 ரியால். அப்பாவின் இக்காமாவில் இருக்கிற பிள்ளை நினைத்தபடி வேலைக்கும் போகமுடியாது. அந்தப் பெட்டை இரண்டு வருசமாய் ஒரு ஃபிளாட்டின் நாலு சுவருக்குள் இருந்து ஒன்லைனில் மொடல் பேப்பர் செய்கிறாள். கூடப் படித்த பிள்ளைகள் கல்லூரியில் இரண்டாம் வருசம். அதை யாரும் கணக்கில் சேர்க்கிறதில்லை.

கனடா? அங்கே பல பல் மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாதவரை எடுப்பதேயில்லை. ரொறன்ரோச் சித்தப்பாமாருக்கு இது தெரியாது போல.

‘படிச்சுப்போட்டு இஞ்சையே வந்து கிளினிக்கில வேலை செய்யலாம்’ என்பது இன்னொரு கதை. 2022இல் தனியார் பல் கிளினிக்குகளில் 30 விகிதம் சவூதி நாட்டவர் இருக்கவேணும் என்று கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையிலிருந்து அது 45, அதற்கு ஒரு வருசம் கழித்து 55 என்று அறிவித்தார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். தங்கள் பிள்ளைகள் படித்து வருகிறார்கள், தங்கள் நாட்டில் வேலை கொடுக்கிறார்கள். எந்த நாடும் அதைத்தான் செய்யும். ஆனால் இப்போது தொடங்குகிற பிள்ளை முடித்து வர இன்னும் ஆறு வருசம். அதற்குள் அந்த எண் என்னவாகும் என்று ஏஜென்ற் சொல்லுவானா?

இதற்காக நான் எல்லோரிடமும் ‘விடு’ என்று சொல்லுகிறவன் இல்லை. கடைக்கு வருகிற தூத்துக்குடி அண்ணாச்சியின் மகன் நீட் எழுதி இடம் கிடைக்காமல் மறுபடி எழுதப் போகிறான். ‘எழுதட்டும் அண்ணாச்சி’ என்றுதான் சொன்னேன். முந்தி இங்கத்தைப் பிள்ளைகள் நீட் எழுத இந்தியாவுக்கே பறக்கவேணும். 2021இல்தான் முதன்முதலாக வெளிநாட்டில், குவைத்திலும் துபாயிலும், மையம் வைத்தார்கள். 2022இல் ரியாத்துக்கும் வந்தது. இரவு பஸ் ஏறினால் விடியப் போய்ச் சேரலாம். வயது உச்சவரம்பையும் அதே வருசம் எடுத்துவிட்டார்கள். முக்கியமான விசயம், அவனுக்குத் தமிழ்நாட்டில் பிறப்பிடச் சான்றிதழ் எடுக்க ஒரு ஊர் இருக்கு. அரசு இடத்துக்கான வரிசையில் அவன் நிற்கலாம். இந்த வருசம் இருபதாவது ஆள் என்றால் அடுத்த வருசம் பத்தாவது ஆளாகலாம்.

அந்த வரிசையிலும் காசுக்காரனுக்குப் பக்கவாசல் இருக்கு என்பது வேறு கதை. 2005இல் இனாம்தார் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், என்.ஆர்.ஐ. இடங்கள் 15 விகிதத்துக்கு மேல் போகக்கூடாது, அந்தக் காசு ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன்படவேணும் என்றது. பஞ்சாப் அரசு மாமன், மச்சான், சித்தப்பா பிள்ளைகளையும் அதில் சேர்க்கப் பார்த்து, 2024இல் அதே நீதிமன்றம் இது சுத்த மோசடி என்று விரட்டியது. வெயிலில் நின்று வெல்டிங் செய்கிறவனும் என்.ஆர்.ஐ.தான். அவனுடைய பெயரில் இருக்கிற இடத்தில் யார் போய் இருக்கிறார்கள் என்று யோசியுங்கோ.

இப்போ எங்கள் கதைக்கு வருவோம். எங்கடை பிள்ளைக்கு எந்த ஊரில் வரிசை இருக்கு?

இலங்கையில் பல் மருத்துவம் என்றால் நெடுங்காலம் பேராதனை மட்டும்தான். உள்ளே போக உயர்தரப் பரீட்சை. வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் படித்து வருகிற பிள்ளைக்கு அங்கேயும் விரல்விட்டு எண்ணுகிற இடங்கள்தான். அந்தப் பேராதனைக்கும் எங்களுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கு. 1971இல் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் சிங்களத்தில் எழுதினவனுக்கு 229 போதும், தமிழில் எழுதினவன் 250 எடுக்கவேணும். அந்த 21 புள்ளியை நாங்கள் ஐம்பது வருசமாய் மேடை மேடையாய்ச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். சொல்லத்தான் வேணும். ஆனால் அன்றைக்குத் தட்டுப்பட்டுப் போன பெடியனைப் பார்த்து, ‘அடுத்த வருசம் மறுபடி எழுது, முயற்சி போதாது’ என்று சொன்னவனை நாங்கள் என்னவென்று கூப்பிட்டிருப்போம்?

தமிழ்நாட்டு முகாமில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எம்.ஜி.ஆர். காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியில் இடம் ஒதுக்கினார்கள். 1991க்குப் பிறகு அது போயிற்று. பிறகு பொறியியல், கலைக் கல்லூரிகள் மெல்ல மெல்லத் திறந்தன. 2016இல் முகாமில் வளர்ந்த ஒரு மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் மருத்துவத்துக்கான கட்-ஓஃப் 197க்கு மேல் எடுத்தும், இந்தியக் குடிமகள் இல்லை என்பதால் இடம் இல்லை என்று ஆனது. பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்தி. அந்தப் பிள்ளை மறுபடி எழுதி 200க்கு 200 எடுத்திருந்தாலும் குடியுரிமை வந்திருக்குமா?

நானும் 1990இல் பத்து வயதில் மண்டபத்தில் இறங்கினவன்தான். அங்கே தொடங்கின பட்டப்படிப்பை இரண்டாம் வருசத்தோடு விட்டேன். புள்ளி காணாமல் இல்லை, கட்டக் காசு காணாமல். பிறகு ஊருக்குத் திரும்பிப் பாஸ்போட் எடுத்து இங்கே வந்தேன். அதனால் எந்தக் கதவு புள்ளிக்குத் திறக்கும், எந்தக் கதவு திறக்காது என்று கொஞ்சம் தெரியும்.

2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 317 கோடி ரூபாய் அறிவித்து, ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரையும் மாற்றியது. வீடுகள் வந்தன, படிப்புக்கு உதவியும் வந்தது, அதை மறைக்கக்கூடாது. 2025 செப்டெம்பரில் டெல்லி, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போட், விசா இல்லாததற்குத் தண்டனை இல்லை என்றது. தண்டனை இல்லையாம். முப்பத்தைந்து வருசம் இருந்தவனுக்கு! ஆனால் அங்கேயே பிறந்து அங்கேயே படித்த பிள்ளை இன்னும் வெளிநாட்டவர்தான்.

இடம் உண்டாக்கேலாது என்று மட்டும் சொல்லாதேங்கோ. என்.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளில் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு 15 விகிதம் கூடுதல் இடம் வைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கை வளைகுடாவில் வேலை செய்கிற இந்தியரின் பிள்ளைகளுக்கு, உள்நாட்டுக் கட்டணத்திலேயே கொடுக்கிறார்கள். வளைகுடாத் தொழிலாளியின் பிள்ளை என்.ஆர்.ஐ. விலை கட்டமாட்டான் என்று யாரோ கேட்டு, யாரோ ஒத்துக்கொண்டு வந்த ஏற்பாடு. பல் மருத்துவத்துக்கு அது இல்லை. இந்திய அரசு இலங்கை மாணவருக்குக் கொடுக்கிற ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையிலும் மருத்துவமும் பல் மருத்துவமும் சேராது. இதையெல்லாம் கேட்கவேண்டியது அந்தப் பெட்டை இல்லை. பொங்கலுக்கு மண்டபம் எடுத்துச் சினிமாப் பாட்டுக்காரரைக் கூப்பிடுகிற சங்கங்கள். அகதிப் புத்தி என்று சொன்ன பெரியவரே, முகாமில் பிறந்த பிள்ளைக்கும் பல் மருத்துவத்தில் இடம் வேணும், அதை உள்நாட்டுக் கட்டணத்தில் தாருங்கோ என்று நீங்கள் எத்தனை தரம் அப்ளை பண்ணினீர்கள்?

ஃபோர்மன் அண்ணையிடம் நான் சொன்னது இவ்வளவுதான். ஏஜென்றிடம் மூன்று விசயத்தை எழுத்தில் கேளுங்கோ. போடப்போகிற நாலு கல்லூரியும் வெளிநாட்டுப் பிள்ளைகளை எத்தனை பேர் எடுக்கிறது? இவன் அனுப்பினவர்களில், அந்தப் பாஸ்போட்டோடு, எத்தனை பேர் உள்ளே போனார்கள்? கிடைக்காவிட்டால் இவன் வாங்கின காசில் எவ்வளவு திரும்ப வரும்? பதில் வராவிட்டால் பிள்ளையை உடனே வேறு ஒன்றில் சேருங்கோ. மைக்ரோபயோலஜியோ, நேர்சிங்கோ, அவளுக்குப் பிடித்தது எதுவோ. அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கோ, இரண்டு வருசமாய் யாரும் கேட்டதாய்த் தெரியவில்லை.

சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன். மனு எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருவேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வைக்காதேங்கோ, எனக்குக் கடை.