பூட்டும் சாவியும் நம் கையில் இருக்கட்டும்

'ஹர்த்தால்' என்பது கடைத்தெருவில் பிறந்த சொல். வடக்கே 'ஹாட்' என்றால் கடை, சந்தை. 'தாலா' என்றால் பூட்டு. கடைக்குப் பூட்டுப் போடுவதே ஹர்த்தால். ஆள்பவர் அநியாய வரி போட்டாலோ, அதிகாரி அக்கிரமம் செய்தாலோ, வாளெடுத்துப் பழகாத வியாபாரி தன் கடையைத் தானே பூட்டிவிட்டு நியாயம் கேட்டான். 1810-11ல் காசியில் வெள்ளையர் ஆட்சி வீட்டு வரி விதித்தபோது கடைகள் அடைபட்டன. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறி வெட்டவெளியில் கூடி அமர்ந்தனர். இறுதியில் அரசு அந்த வரியைக் கைவிட்டது. 1919ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஹர்த்தால் நடத்தலாம் என்ற எண்ணம் காந்தியடிகளுக்கு உதித்ததும் நம் சென்னையில், ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்த நாட்களில்தான்.

இப்படி நம் கையில் இருந்த பூட்டு மற்றவர் கைக்குப் போனால் என்ன நடக்கும்? இதற்கு 1931ல் கான்பூர் நகரம் சொன்ன பதிலை ஒவ்வொரு வணிகரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1931 மார்ச் 23 அன்று மாலை லாகூர் மத்திய சிறையில் பகத்சிங், சுகதேவ், ராஜகுரு ஆகிய மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தத் தண்டனை தேசத்தையே கொதிக்க வைத்ததற்குக் காரணங்கள் உண்டு. அவசரச் சட்டத்தின் மூலம் தனியாக ஒரு நீதிமன்றம் அமைத்தார்கள். உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழியில்லாமல் செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் முன்னிலையில் இல்லாமலே விசாரணை நடந்து, 1930 அக்டோபர் 7ல் தீர்ப்பு வந்தது. காந்தி-இர்வின் ஒப்பந்தம் 1931 மார்ச் 5ல் கையெழுத்தானபோது, மூவர் உயிரும் தப்பும் என்று ஜனங்கள் நம்பினார்கள். ஆனால், குறித்திருந்த நாளுக்கு முதல் நாள் மாலையிலேயே தூக்கிலிட்டு, சட்லெஜ் நதிக்கரையில் இரவோடு இரவாக உடல்களை எரித்துவிட்டார்கள்.

மறுநாள் செய்தி பரவியது. நாடெங்கும் துக்கம், நாடெங்கும் ஹர்த்தால். கான்பூரிலும் காங்கிரஸார் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தார்கள். இந்துக்களின் கடைகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டன. முஸ்லிம் வியாபாரிகளில் பலர் அடைக்கவில்லை. அடைக்கச் சொல்லிக் கூட்டம் வற்புறுத்தியது. மறுத்தவர்களோடு வாக்குவாதம் மூண்டது. வாக்குவாதம் கைகலப்பாகி, கல்வீச்சாகி, பொழுது சாய்வதற்குள் இந்து-முஸ்லிம் கலவரமாக மாறிவிட்டது. கோயில்களும் மசூதிகளும் எரிந்தன. கடைகள் சூறையாடப்பட்டன. பல நாட்கள் நீடித்த அந்த வெறியாட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அடைக்க மறுத்தவர்கள் பகத்சிங்கை வெறுத்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தூக்குமேடைக்கு மதம் இருந்ததில்லை. காகோரி வழக்கில் ராம்பிரசாத் பிஸ்மிலும் அஷ்பகுல்லா கானும் 1927 டிசம்பர் 19 அன்று, ஒரே நாளில், வெவ்வேறு சிறைகளில் தூக்கிலிடப்பட்டவர்கள். சட்டசபையில் குண்டு வீசிய வழக்கில் வாதாடிய ஆசப் அலி முஸ்லிம். குற்றவாளிகள் இல்லாமலே விசாரணை நடத்தும் மசோதாவை 1929ல் மத்திய சட்டசபையில் கடுமையாக எதிர்த்துப் பேசியவர் ஜின்னா. ஆகவே மூவரின் மரணம் எல்லாருக்கும் பொதுவான துக்கமாக இருந்திருக்க முடியும்.

பிறகு ஏன் அடைக்கவில்லை? அந்தச் சமயத்தில் வட இந்தியக் கடைத்தெருக்கள் ஏற்கெனவே புண்பட்டுக் கிடந்தன. அந்நியத் துணி மறியல் என்ற பெயரில் கடை வாசலில் நடந்த தகராறுகள் ஏராளம். அதே 1931 பிப்ரவரியில் காசியில் அந்நியத் துணி விற்ற ஆகா முகமது ஜான் என்ற வியாபாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து அங்கே மதக் கலவரம் வெடித்தது. ஒரு மாதம் கழித்துக் கான்பூரில் 'கடையை அடை' என்று கூட்டம் வந்து நின்றபோது, அந்தக் குரல் முஸ்லிம் வியாபாரியின் காதில் துக்கக் குரலாகவா விழுந்திருக்கும்? மிரட்டலாகத்தான் விழுந்திருக்கும். எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்க வேண்டிய துக்கத்தை, கட்டாயப்படுத்திய ஒரே காரணத்தால், ஒரு சாராரின் துக்கமாக்கிவிட்டார்கள்.

யாருக்காகக் கடையை அடைக்கச் சொன்னார்களோ, அந்த பகத்சிங் நாத்திகர். மதக் கலவரங்களைக் கண்டித்து 1928லேயே கட்டுரை எழுதி, மதத் தலைவர்களையும் பத்திரிகைகளையும் குற்றம் சாட்டியவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அந்தக் கலவரம் தொடங்கியது.

அதைவிடப் பெரிய இழப்பு மார்ச் 25ல் நேர்ந்தது. கணேச சங்கர் வித்யார்த்தி 'பிரதாப்' பத்திரிகையின் ஆசிரியர், ஐக்கிய மாகாணக் காங்கிரஸின் தலைவர். பகத்சிங் இளைஞராக மாற்றுப் பெயரில் வந்து தங்கி வேலை பார்த்தது அவருடைய பத்திரிகை அலுவலகத்தில்தான். பகத்சிங்குக்காக அழ அவரைவிட உரிமை உள்ளவர் கான்பூரில் யார்? அவரோ கலவரத் தெருக்களில் இறங்கி, இந்துக்களின் பகுதியில் சிக்கிய முஸ்லிம்களையும், முஸ்லிம்களின் பகுதியில் சிக்கிய இந்துக்களையும் மீட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பணியிலேயே கொல்லப்பட்டார். அத்தகைய மரணம் தமக்கும் வாய்க்க வேண்டும் என்று காந்தியடிகள் எழுதும் அளவுக்கு அது உயர்ந்த தியாகம்.

அரசாங்கம் என்ன செய்தது? உள்ளூர் அதிகாரிகளும் போலீசும் மெத்தனமாக இருந்ததை அரசே அமைத்த விசாரணைக் குழு கண்டித்தது. காங்கிரஸ் தன் பங்குக்கு பகவான் தாஸ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது; அதன் அறிக்கையை அரசு தடை செய்துவிட்டது. எரிந்த சரக்கும் போன உயிரும் எந்த அறிக்கையாலும் திரும்பவில்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்று கொண்டாடியது நம்மை ஆண்டவன்.

இதெல்லாம் பழங்கதை என்று சிலர் சொல்லக்கூடும். பங்களாதேஷைப் பாருங்கள். 1971 போர்க்குற்றங்களுக்காக ஜமாத்-இ-இஸ்லாமி தலைவர் அப்துல் காதர் மொல்லாவுக்கு 2013 பிப்ரவரியில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். அது போதாது என்று டாக்காவில் பெருங்கூட்டம் கூடிப் போராடியது. சட்டத்தையே திருத்தி, மேல்முறையீட்டில் மரண தண்டனையாக்கி, டிசம்பர் 12ல் தூக்கிலிட்டார்கள். நீதி கிடைத்தது என்றனர் ஒரு சாரார். பழிவாங்கல் என்றனர் மறு சாரார். அந்த ஆண்டு முழுவதும் ஹர்த்தாலுக்கு மேல் ஹர்த்தால். லாரிகள் எரிந்தன, கடைத்தெருக்கள் முடங்கின. பிப்ரவரி 28ல் மற்றொரு ஜமாத் தலைவருக்கு மரண தண்டனை அறிவிக்கப்பட்டபோது, தீர்ப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சிறுபான்மை இந்துக்களின் வீடுகளும் கடைகளும் கோயில்களும் பல மாவட்டங்களில் தாக்கப்பட்டன. கான்பூரில் ஒரு மதத்தார் வற்புறுத்தினார்கள். அங்கே வேறு மதத்தார். மதம் எதுவானாலும் ஷட்டர் மேல் விழுகிற கல் ஒன்றுதான்.

நாம் கடையடைப்புக்கு எதிரி அல்ல. வியாபாரியும் இந்த நாட்டுக் குடிமகன். அநியாயம் கண்டால் அவனுக்கும் நெஞ்சு கொதிக்கும். மே 5 வணிகர் தினத்தன்று நாம் கடை அடைக்கிறோம். அது நாம் கூடிப் பேசி எடுக்கும் முடிவு. ஊர்ப் பெரியவர் மறைந்தால் யாரும் சொல்லாமலே பாதிக் கதவைச் சாத்துகிறோம். அது நம் மரியாதை. ஆனால் 'ஏன் வம்பு' என்று பயந்து அடைப்பதை 'வணிகர்கள் முழு ஆதரவு' என்று மறுநாள் பத்திரிகையில் போட்டுக்கொள்ள நாம் இடம் கொடுக்கலாமா? பயத்தை ஆதரவுக் கணக்கில் வரவு வைப்பது கள்ளக் கணக்கு. அன்றைய காய்கறி அழுகும் நஷ்டம் நமக்கு. கூலி இல்லாமல் போவது சுமை தூக்கும் தொழிலாளிக்கு. அரிசி, பால் கிடைக்காமல் தவிப்பது அன்றாடங்காய்ச்சிக்கு. பெயர் மட்டும் வேறொருவருக்கு!

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. மக்களைக் கட்டாயப்படுத்தி நடத்தும் 'பந்த்' அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 1997 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விருப்பப்பட்டு அடைப்பது உரிமை. அடைக்காதவனை அடைக்க வைப்பது குற்றம்.

ஆகவே நம் சங்கங்கள் பதற்றம் வருவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டிய சில ஏற்பாடுகள் உண்டு.

ஒவ்வொரு கடைத்தெருவிலும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ வணிகர்கள் சேர்ந்த ஒரு சிறு குழு இருக்கட்டும். கடையடைப்பு வேண்டுமா, வேண்டாமா, எத்தனை மணி நேரம் என்பதை அந்தக் குழு கூடிப் பேசிச் சங்கத்துக்குச் சொல்லட்டும். அடைக்க விரும்பாதவர் கடை முன் சங்கத்தின் பெயரால் ஒருவரும் போய் நிற்கக் கூடாது. பால், மருந்துக் கடைகளுக்கு எப்போதும் விலக்கு இருக்கட்டும்.

கல்லாவில் உட்கார்ந்து வதந்தி பேசுவதை நிறுத்துவோம். நூறு வாடிக்கையாளர் வந்து போகும் மளிகைக் கடையில் சொல்லும் ஒரு பொய், மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிடும். பதற்றமான நாட்களில் மதம் பார்த்துக் கடன் கொடுப்பதும் நிறுத்துவதும் கூடாது. மண்டிக்காரர் ஒரு மதம், லாரிக்காரர் ஒரு மதம், சில்லறைக் கடைக்காரர் இன்னொரு மதம் என்று பின்னிக் கிடக்கிறது நம் பற்று வரவு. அந்த நூல் அறுந்தால் திரும்ப முடிய வருடங்கள் ஆகும்.

மிரட்டல் வந்தால் தனியாளாகப் போகாமல், சங்கத்தின் கடிதத்தோடு காவல் நிலையத்துக்குப் போய் ரசீது வாங்குங்கள். தீ விபத்துக் காப்பீடு செய்திருப்பவர்கள், கலவரத்தால் வரும் சேதத்துக்கும் அது பொருந்துகிறதா என்று பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள்.

வணிகப் பெருமக்களே! தூக்குத் தண்டனை நியாயமா, அநியாயமா என்று நம்மிடையே ஆயிரம் கருத்து இருக்கலாம். துக்கப்பட வேண்டிய நாளில் துக்கப்படுவோம். கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்போம். அதற்காகக் கடையைப் பூட்டினால் நம் சாவியால் பூட்டுவோம். பக்கத்துக் கடைக்காரர் பூட்டாவிட்டால், அவருக்குக் காவலாக அவர் வாசலில் போய் நிற்போம். கான்பூரில் மார்ச் 24 அன்று காலையில் ஒரு பத்து வியாபாரிகள் அப்படி நின்றிருந்தால், ஒருவேளை வித்யார்த்தி வீடு திரும்பியிருப்பார்.