சுவரைத் துடைத்தால் மட்டும் போதாது

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்து லயங்களில் சட்டியும் வாளியும் தரைக்கு வந்துவிடுகின்றன. ஆணி கழன்ற தகரத்தின் வழியே இறங்கும் தண்ணீர் சுவரில் ஊறுகிறது. சில நாட்களிலேயே கரும்புள்ளியாகப் பூஞ்சணம் கிளம்புகிறது. பிள்ளைகளின் பாயிலும் சீருடையிலும் அதே வாடை.

இதை வெறும் அழுக்கென்று விட்டுவிட முடியாது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், இழுப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டலில் கூறியிருக்கிறது.

வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரால் சுவரைத் தேய்த்துக் கழுவுவோம். வெயில் காணும் நேரம் கதவு, ஜன்னலைத் திறந்து உலர விடுவோம். பீலியை அடைத்திருக்கும் இலைகுப்பையை அள்ளுவோம். ஆனால் ஒழுக்கு நிற்காவிட்டால், எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அடுத்த மழைக்கே பூஞ்சணம் திரும்பிவிடும்.

கூரையைத் திருத்துவது யார் பொறுப்பு? லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே தோட்ட அத்தியட்சகர் மீது வைத்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோது லயங்களும் சேர்ந்தே போயின. காம்பரா நமக்குச் சொந்தமில்லை என்றால், அதன் ஒழுக்கும் நமக்குச் சொந்தமில்லை.

வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போய்விடுகிறது. லய இலக்கம், காம்பரா இலக்கம், ஒழுகும் இடம், திகதி எல்லாவற்றையும் எழுதுவோம். லயத்தார் அனைவரும் கையொப்பமிட்டு, தோட்டத் தலைவர் மூலம் துரையிடம் கொடுப்போம். ஒரு பிரதி சங்கக் காரியாலயத்துக்கு வரட்டும்.

காணியும் தனி வீடும் நமது கோரிக்கை. அது கைகூடும்வரை நம் பிள்ளைகள் காய்ந்த காம்பராவில் உறங்க வேண்டும்.