காருக்கு ஸ்ப்ளிட்டர்: திருவனந்தபுரம் ரோட்டில் என்ன பயன், என்ன ரிஸ்க்?

டெக்னோபார்க்கில் வேலை, ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். முன் பம்பருக்குக் கீழே ஒரு ஸ்ப்ளிட்டர் மாட்டினா கெத்துதான். ஆனா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க.

என்ன வேலை செய்யும்?

முன்னால் மோதும் காற்று பலகையின் மேல் அழுத்துகிறது. அடியில் வேகமாக ஓடும் காற்றின் அழுத்தம் குறைவு. இந்த வித்தியாசம்தான் முன்சக்கரங்களை ரோட்டோடு அழுத்துகிறது. அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 160 கி.மீ.யில் 16 கிலோ கிடைத்தால், 40 கி.மீ.யில் 1 கிலோதான். சிட்டி டிராஃபிக்கில் அது வெறும் அலங்காரம்.

எப்படி மாட்டணும்?

பம்பரின் வெளிப்புறம் வெறும் பிளாஸ்டிக். அதில் மட்டும் ஸ்க்ரூ போட்டா, வேகத்தில் பம்பரோடு பிய்ந்து வரலாம். பிராக்கெட் வைத்து சேசிஸில் பிடிக்கணும். முன்விளிம்பை சப்போர்ட் ராடு தாங்கணும். கார்பன் ஃபைபர் விறைப்பானது, ஆனா இடிச்சா உடையும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி கட்டிய வேகத்தடையே 10 செ.மீ. உயரம் என்பதை மறக்காதீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

தயாரிப்பாளர் கொடுத்த ஒரிஜினல் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கேரளாவிலிருந்து போன வழக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்போ என்ன பண்ணலாம்?

நடந்து போறவரின் காலுக்கு நேராக ஒரு கூர்விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பதையும் யோசிங்க. டிராக் ஆசை இருந்தா, கழற்றி மாட்டுற மாதிரி செய்யுங்க. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே போகும்வரை அது டிக்கியிலேயே இருக்கட்டும்.